எட்டாவது கேள்வி

வகுப்பில் என் பெயர் கொசு. நான் வாய் திறந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் காதோரம் ஏதோ ரீங்காரம் கேட்குமாம். பெயரை வைத்தவன் பீரங்கி. அவன் தும்மினால் அடுத்த வகுப்பில் எழுதிக்கொண்டிருப்பவர்களின் பேனா நழுவும்.

அந்த மாதம் பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. விண்வெளி நிலையம் எங்கள் தலைக்கு மேலே கடந்துபோகும்போது, அதில் இருக்கும் வீராங்கனையோடு நாங்கள் ரேடியோவில் பேசலாம். பத்து நிமிடம்தான். அதற்குள் நிலையம் வானத்தின் ஒரு ஓரத்தில் ஏறி, மறு ஓரத்தில் இறங்கிவிடும். எட்டுப் பேர், எட்டுக் கேள்விகள், எல்லாம் ஆங்கிலத்தில்.

டீச்சர் எனக்கு எட்டாவது இடம் கொடுத்தார். நேரம் போதாவிட்டால் எந்தக் கேள்வி விட்டுப்போகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூன்று வாரம் சொற்களோடுதான் வாழ்ந்தோம். ஆர்பிட் என்றால் சுற்றுப்பாதை. கிராவிட்டி என்றால் ஈர்ப்பு விசை. 'கேன் யூ ஹியர் மீ?' என்றால், நான் பேசுவது கேட்கிறதா? 'லௌட் அண்ட் கிளியர்' என்று பதில் வந்தால், சத்தமாகவும் தெளிவாகவும் கேட்கிறது. எல்லாவற்றையும் விட முக்கியம், ஓவர். ரேடியோ மைக்கில் இருக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும். முடித்ததும் ஓவர் என்று சொல்லி விரலை எடுக்க வேண்டும். விரல் பொத்தான் மேலேயே இருந்தால் அவர்கள் பேசுவது நமக்குக் கேட்காது.

என் அம்மா வீட்டிலேயே துணி தைப்பவள். தையல் மெஷினின் பாபினில் நூல் சுற்றும்போது, இதுதான் ஆர்பிட் என்று காட்டினேன். அம்மா தலையாட்டினாள். சற்று நேரத்தில் ஒரு சட்டைப் பொத்தான் விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது.

"உன் கிராவிட்டி என் பொத்தானை இழுத்துட்டுப் போயிடுச்சு. போய் எடுத்துட்டு வா. ஓவர்," என்றாள்.

அந்த நாள் வந்தது. மதியம் இரண்டரை மணி. ரேடியோவைக் கொண்டுவந்து பொருத்தியவர் மருந்துக்கடைக்காரர். ரேடியோ அவருக்குப் பொழுதுபோக்கு. ஆனால் ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டார் காலையிலேயே மக்கர் செய்துவிட்டது. நிலையம் போகும் பக்கம் கையால் திருப்புகிறேன் என்று அவர் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார்.

டீச்சர் பொத்தானை அழுத்திக் கூப்பிட்டார். இரைச்சல். மறுபடி கூப்பிட்டார். மறுபடி இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"குட் ஆஃப்டர்நூன்."

பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து பேசுவது போல அத்தனை சாதாரணமாக இருந்தது அந்தக் குரல். ஆனால் அந்த இரண்டு சொற்களைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஏழெட்டுக் கிலோமீட்டர் பறந்திருப்பார். என் கை முழுவதும் சிலிர்த்துக்கொண்டது.

கேள்விகள் ஓடின. ஒரு நாளில் பதினாறு முறை சூரியன் உதிப்பதைப் பார்க்கிறாராம். தண்ணீரைச் சிந்தினால் கீழே விழாமல் கண்ணாடிக் கோலி போல மிதக்குமாம்.

ஏழாவது ஆள் பீரங்கி. விண்வெளியில் எப்படித் தூங்குவீர்கள் என்று ஒரு பிழையில்லாமல் கேட்டான்.

பதில் வரவில்லை.

இரைச்சல்கூட இல்லை. டீச்சர் குனிந்து ஒயர்களைப் பார்த்தார். அவ்வளவுதான், போயிட்டாங்க என்று யாரோ சொன்னார்கள். சுவரில் கடிகார முள் நகர்ந்துகொண்டே இருந்தது. அது நகர்த்தித் தள்ளியது என் நேரத்தை.

அப்போதுதான் பொத்தானை அழுத்தியிருந்தால் மட்டும் எரியும் சின்னச் சிவப்பு விளக்கு ரேடியோவில் இன்னும் எரிவதைப் பார்த்தேன். பீரங்கியின் விரல் பொத்தான் மேலேயே இருந்தது. அவன் ஓவர் சொல்லவில்லை.

விரலை எடு என்றேன். வழக்கம்போல யாருக்கும் கேட்கவில்லை. வரிசையை விட்டு அவனிடம் போனேன். விரல் நுனி வெளுத்திருந்தது. பீரங்கிக்கும் பயம் வருமா? எல்லார் முன்னாலும் சொல்லிக்காட்ட மனம் வரவில்லை. காதுக்குப் பக்கத்தில் போனால் கொசுவின் குரலே போதும்.

"நீ இன்னும் ஓவர் சொல்லல," என்றேன்.

"ஓவர்," என்றான், என்னைவிட மெல்லிய குரலில். விரலை எடுத்தான். உடனே பதில் வந்தது. சுவரில் கட்டிய பைக்குள் நுழைந்துகொண்டு, மிதந்தபடியே தூங்குவாராம்.

அவர் பேசும்போதே இரைச்சல் ஏறத் தொடங்கியது. டீச்சர் அரை நிமிடம் என்று விரலால் காட்டினார். பீரங்கி மைக்கை என் கையில் திணித்தான். நான் மனப்பாடம் செய்த கேள்வி நீளமானது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் வானத்தை விட்டே இறங்கியிருப்பார். பொத்தானை அழுத்தினேன்.

"கேன் யூ ஹியர் மீ? ஓவர்."

இரைச்சல். இன்னும் இரைச்சல். பிறகு, வெகு தூரத்திலிருந்து:

"லௌட் அண்ட் கிளியர்."

அதோடு இரைச்சல் அவரை மூடிக்கொண்டது.

நாங்கள் எல்லாரும் மாடிக்கு ஓடினோம். மருந்துக்கடைக்காரர் வியர்த்துப்போய் ஆன்டெனாவைப் பிடித்தபடி நின்றிருந்தார். அது வீட்டுக்கூரைகளுக்கு மேல், வானம் முடியும் இடத்தைக் காட்டியது. அங்கே ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். அம்மா ஒரு சட்டை தைத்து முடிப்பதற்குள் அந்த வீராங்கனை பூமியையே ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார். அத்தனை வேகத்தில் போகிறவரிடமும் என் குரல் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் வருகைப் பதிவில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் பதில் சொன்னேன்.

"லௌட் அண்ட் கிளியர்," என்றது கடைசி பெஞ்சிலிருந்து பீரங்கியின் குரல். "ஓவர்."

திரும்பிப் பார்த்தேன். பெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த விரலையும் மறக்காமல் எடுத்துவிட்டான்.