சித்தியின் கண்ணுக்கு நேராக

குண்டூசி என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆள் ஒல்லி. ஆனால் கேள்வி கேட்டால் சுருக்கென்று குத்தும். அது அவளுடைய அப்பா வைத்த பெயர்.

அப்பா படங்களுக்குச் சட்டமும் கண்ணாடியும் போட்டுத் தரும் கடை வைத்திருந்தார். யார் வீட்டில் படம் மாட்டப் போனாலும் ஒன்றையே சொல்வார்.

"படத்தோட நடு, பாக்கிறவங்க கண்ணுக்கு நேரா வரணும். அவ்வளவுதான் விஷயம்."

இந்த முறை அவர் தம் வீட்டுக் கூடத்திலேயே ஒரு படம் மாட்டினார். குண்டூசி தன் சித்திக்காக வரைந்த படம் அது.

சித்தி நகரப் பேருந்து ஓட்டுபவள். படியில் வழுக்கி விழுந்து முதுகில் அடிபட்டு, குண்டூசி வீட்டு உள்ளறையில் படுத்திருந்தாள். மல்லாந்தே படுக்க வேண்டும், புரளக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தெருத்தெருவாகப் பார்த்துக்கொண்டே போகிறவளுக்கு, இப்போது கூரையில் இருந்த ஈரக்கறை மட்டும்தான் பார்க்கக் கிடைத்தது. வாய் ஓயாமல் பேசுகிற சித்தி, எதைக் கேட்டாலும் "ம்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். குண்டூசிக்கு அது தாங்கவில்லை.

அதனால்தான் அந்தப் படம். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் சாலை எப்படித் தெரியுமோ, அப்படியே வரைந்திருந்தாள். கடைகள், சிக்னல், எதிரே வரும் வண்டிகள், கடைசியில் ஒரு பேருந்து நிறுத்தம்.

பக்கத்து வீட்டு மாமா கூடத்தில் நின்று பார்த்து, "பலே, பலே" என்றார். குண்டூசிக்கு உச்சி குளிர்ந்தது.

"என்ன, அங்க ஒரே பேச்சா இருக்கு?" என்று உள்ளறையிலிருந்து சித்தியின் குரல் கேட்டது.

குண்டூசி படத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு ஓடினாள். சித்தி அதை உயர்த்திப் பிடித்துப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் கை வலித்தது.

"நல்லாருக்கு கண்ணு. எல்லாம் எறும்பு எறும்பா தெரியுது" என்று திருப்பிக் கொடுத்தாள். அவள் கண் மறுபடியும் ஈரக்கறைக்கே போய்விட்டது.

குண்டூசி நேராக அப்பாவிடம் வந்தாள்.

"அப்பா, இந்தப் படம் யாருக்கு?"

"சித்திக்கு."

"சித்தி கண்ணுக்கு நேரா என்ன இருக்கு?"

அப்பா யோசித்தார். "கூரை" என்றார் மெதுவாக.

"அப்ப நீங்க தப்பான இடத்துல மாட்டியிருக்கீங்க."

"கண்ணாடி போட்ட படத்தத் தலைக்கு மேல மாட்ட முடியுமா? முதுகுதான் போச்சு, மூக்கும் போகணுமா?"

"கண்ணாடியையும் சட்டத்தையும் கழட்டிடுங்க."

"நான் பாத்துப் பாத்துப் போட்ட சட்டம்மா அது."

"சித்தி பாக்க வேண்டியது படத்தத்தானேப்பா?"

குண்டூசி குத்திவிட்டாள். அப்பா பெருமூச்சு விட்டபடி படத்தைக் கழற்றி, தொய்யாமல் இருக்க லேசான அட்டையில் ஒட்டினார்.

அம்மாவின் துணி காயப்போடும் கயிறு இரண்டு துண்டாகி, சன்னல் கம்பிக்கும் எதிர்ச்சுவர் அலமாரிக்கும் நடுவே கட்டிலுக்கு மேலே போனது. துணிக்கு மாட்டும் கிளிப்புகளும் கூடவே போயின.

"அப்ப துணிய எங்க காயப்போடுறது?" என்றாள் அம்மா.

"சித்தி எழுந்திருக்கிற வரைக்கும் சன்னல்ல போடலாம்மா."

அம்மா இன்னும் இரண்டு கிளிப் எடுத்துக் கொடுத்தாள். படம் கீழே பார்த்தபடி கயிறுகளில் ஏறியது.

"இப்ப கண்ணத் திற சித்தி."

சித்தி திறந்தாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"படம் அருமை" என்றாள் சித்தி. "ஆனா வண்டியெல்லாம் ஏன் சக்கரத்த மேல தூக்கிக்கிட்டுப் போகுது?"

குண்டூசி கட்டிலின் காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். இருவருக்கும் படம் சரியாகத்தான் தெரிந்தது.

குண்டூசி ஒரு கணம் யோசித்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில், சித்தி படுத்திருப்பது போலவே மல்லாந்து படுத்தாள். வானம் கீழே கிடந்தது. மனிதர்கள் வௌவால் மாதிரி தொங்கினார்கள்.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சித்தியையும் அது தொற்றிக்கொண்டது.

"சிரிக்க வைக்காதடி, முதுகு வலிக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் சித்தி. விழுந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பை யாரும் கேட்கவில்லை. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பா படத்தைத் திருப்பி மாட்டினார். குண்டூசி மறுபடியும் தரையில் படுத்தாள். சித்தி படத்திலேயே வண்டியை எடுத்துவிட்டாள்.

"இந்தத் திருப்பத்துல மெதுவாத்தான் போகணும். இந்த சிக்னல்ல எப்பப் போனாலும் சிவப்புதான். ஸ்டாப்புல நிக்கிறது யாரு, நீயா?"

"ஆமா."

"பஸ்ஸ நிறுத்தக் கையே காட்டலயே?"

"ஓட்டுறது நீதானே சித்தி. நிறுத்தாமலா போயிடுவே?"

கட்டிலிலிருந்து சித்தியின் கை இறங்கி வந்து, குண்டூசியின் தலைமுடியைத் தேடிக் கோதியது.

கூடத்துச் சுவரில் காலிச் சட்டம் மட்டும் தொங்கியது. அப்பா அதன் முன் வெகுநேரம் நின்றார்.

"சித்தி எழுந்ததும் படம் இங்கயே வந்துடும்ப்பா" என்றாள் குண்டூசி.

"அது சரி. ஆனா இப்பவும் தப்பான இடத்துலதான் இருக்கு" என்றார் அப்பா.

ஆணியைப் பிடுங்கி, ஒரு சாண் மேலே தள்ளி அடித்தார். சித்தி நல்ல உயரம்.