ஆறாத தண்ணீர்

வட்டக்கச்சியில் கனகலிங்கத்தின் நெல் வெட்டும் மெசினைத் தொட எந்த மெக்கானிக்கும் முன்வரவில்லை. கடைசியில் தங்கராசா வந்தார். வந்தது கூலிக்காக அல்ல. போன வருசக் காலபோக நெல் அறுவடையில், அந்த மெசினின் ரேடியேற்றர் மூடியைக் கொதிக்கக் கொதிக்கத் திறந்து, முகமெல்லாம் வெந்து செத்துப்போன டிரைவர் நிரஞ்சன் அவருடைய தங்கை ராஜினியின் புருசன். "குடிச்சுப்போட்டுத் தானாத் திறந்தவன்" என்று கனகலிங்கம் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அந்தக் கதை ராஜினியின் பிள்ளையின் காதுவரை போயிருந்தது. நிரஞ்சன் தேத்தண்ணியைத் தாண்டி எதையும் குடித்தறியாத மனிதன். அது பொய் என்று தங்கராசாவுக்குத் தெரியும்; உண்மையை அறியத்தான் வந்தார்.

கொட்டிலுக்குள் பகலிலும் இருட்டு. டீசலும் உமியும் மணத்தன. அவற்றுக்கடியில் அவிந்த தோலின் நாற்றம். ஆசுபத்திரியில் நிரஞ்சன் கிடந்த கட்டிலில் வந்த அதே நாற்றம்.

ரேடியேற்றரின் அடிக்குழாயைத் திறந்தார். துருவும் வைக்கோல் தும்புமாகச் சிவந்த தண்ணீர் வாளியில் விழுந்தது. விரலை வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

சுட்டது.

"ஒரு வருசமா ஓடாத எஞ்சின்ல சுடுதண்ணி எப்படி வருது முதலாளி?"

"வெக்கைக்குச் சுட்டிருக்கும். வேலையைப் பாரும்," என்றார் கனகலிங்கம், வாசலைத் தாண்டி உள்ளே வராமலே. "வயல் முத்திப்போய் நிக்குது. மழையும் இருட்டுது."

தங்கராசா மேல்மூடியைக் கழற்றி, ரப்பர் குழாயைச் செருகிக் கிணற்றுத் தண்ணீரை விட்டுக் கழுவினார். மேலே குளிராக உள்ளே போன தண்ணீர் கீழே ஆவி பறக்க வந்தது. தெளிந்ததும் அடிக்குழாயை அடைத்தார். எஞ்சினைக் குளிரவைக்கும் பச்சைக் கூலன்டைத் தண்ணீரில் கலந்து நிரப்பி, உள்ளே அடைபட்ட காற்றுப் போவதற்காக மூடியைப் போடாமலே எஞ்சினை ஓடவிட்டார்.

குமிழிகள் வந்தன. எஞ்சின் இருமிவிட்டுத் தானாக நின்றது.

குமிழிகள் நிற்கவில்லை.

ஒவ்வொன்றும் உடையும்போது ஒரு மூச்சு. பிறகு மூச்சு பேச்சானது.

"ஆறட்டும் முதலாளி. கொஞ்சம் பொறுங்க."

நிரஞ்சனின் குரல்.

வாசலில் நின்ற கனகலிங்கத்தின் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது.

"மழை வருது. கதைச்சுக்கொண்டு நிக்காமல் திறவடா."

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார்.

பின்னால் தேத்தண்ணியோடு வந்த அவர் மனைவி பத்மாசனி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். "அப்ப நீங்கள்தான் திறக்கச் சொன்னனீங்கள்," என்றாள் மெதுவாக. "அவன் குடிகாரனெண்டு என்னையும் சொல்ல வைச்சனீங்கள்."

"உள்ளை போ."

"ராஜினியிட்டைப் போறன்."

தங்கராசாவின் கையில் ஸ்பனர் இறுகியது. அடித்திருப்பார். "நீயெல்லாம் மனுசனா?" என்று மட்டும் கேட்டார். ரேடியேற்றர் மூடியை இறுக்கிப் பூட்டி, எஞ்சின் சாவியைக் கழற்றி எடுத்துக்கொண்டு பத்மாசனிக்குப் பின்னால் நடந்தார்.

வீட்டு வாசற் படலையடிக்கு வந்தபோது, கொட்டிலுக்குள் ரேடியேற்றர் கொதிக்கத் தொடங்கும் சத்தம் கேட்டது. சாவி அவர் கையில் இருந்தது.

"இப்ப நீங்க திறங்க முதலாளி," என்றது குரல், எப்போதும்போலப் பணிவாக.

அதுவரை வாசலைத் தாண்டாத கனகலிங்கத்தின் காலடிகள் கொட்டிலுக்குள் போயின. மூடி மெல்லத் திருகும் சத்தம். தங்கராசா திரும்பிப் பார்க்கவில்லை.