இன்னொரு பிள்ளையின் கவுன்

பத்து நிமிடமாக நாற்காலி கிறீச்சிடவில்லை.

ஓவியக்காரி தூரிகையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். மாடிக்குக் கீழே ஏதோ ஒரு வண்டி பின்னுக்கு வந்துகொண்டிருந்தது, குளியலறைக் குழாய் வழக்கம்போல் சொட்டிக்கொண்டிருந்தது, டர்பன்டைன் நெடி மூக்கைத் துளைத்துக்கொண்டிருந்தது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன, அந்தப் பழைய மர நாற்காலியின் முனகலைத் தவிர. அதில் உட்கார்ந்திருந்தவள் அவளுடைய ஐந்து வயது மகள். வீட்டில் அவளுக்குச் சுண்டெலி என்றுதான் பெயர். தூக்கத்தில்கூடக் கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் விடிந்து எழுவாள்.

"அடேயப்பா, இன்னிக்கு எங்க பொண்ணு சமர்த்து" என்றாள் ஓவியக்காரி, கேன்வாஸிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"என் பொண்ணும் கடைசியில இப்படித்தான் ஆனா" என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த, படம் வரையச் சொல்லி வந்த பெண்.

ஓவியக்காரி தூரிகையை மறுபடி சாயத்தில் தோய்த்தாள். பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளின் முகத்தை வரைந்து வயிறு வளர்ப்பவள் அவள். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை ஒன்றாவது ஒழுங்காக உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை. ஒரு காதைத் தீட்டி மறு காதுக்கு வருவதற்குள் பையன் மேசைக்கு அடியில் இருப்பான். அதனால் ஒரு உபாயம் வைத்திருந்தாள். முகத்தை மட்டும் அந்தப் பிள்ளையைப் பார்த்து அரக்கப்பரக்கத் தீட்டிவிடுவாள். பிறகு அதன் உடுப்பை வாங்கிச் சுண்டெலிக்கு மாட்டி, கை, கால், துணி மடிப்பு எல்லாவற்றையும் நிதானமாக முடிப்பாள். கூலி ஒரு சாக்லேட். எத்தனையோ வீட்டுச் சுவர்களில் எத்தனையோ முகங்களுக்குக் கீழே உட்கார்ந்திருப்பது சுண்டெலியின் உடம்புதான். அவள் முகத்தை மட்டும் ஒருநாளும் வரைந்ததில்லை. நம் பிள்ளைதானே, எங்கே ஓடிவிடப் போகிறது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

இந்த முறை பிள்ளையே வரவில்லை. மூன்று நாட்களுக்கு முன்னால் இந்தப் பெண் ஒரு பச்சைக் கவுனைக் காகிதப் பையில் எடுத்துக்கொண்டு தனியாகத்தான் வந்தாள்.

"அவ ஒரு நிமிஷம் உக்கார மாட்டாங்க. ஒரு போட்டோல கூட விழ மாட்டா."

"முகத்தைப் பார்க்காம எப்படிங்க வரையறது?"

"நான் சொல்லச் சொல்ல நீங்க போடுங்க. உடம்புக்கு உங்க பொண்ணு இருக்காளே."

கதவிடுக்கில் எட்டிப் பார்த்த சுண்டெலியை அந்தப் பெண் பார்த்த பார்வையில் பாசம் இருந்தது, பசியும் இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று ஓவியக்காரி முடிவு கட்டினாள். அப்படிப்பட்டவர்கள் வருவது உண்டு. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவானேன் என்று எதையும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மூன்று நாளாக அந்தக் குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தது. கண் இன்னும் கொஞ்சம் தள்ளி. புருவம் மெல்லிசா. நெற்றியில் முடி இறங்கி வரும். சொன்னதெல்லாம் தூரிகைக்குக் கட்டுப்பட்டு வந்தது. இத்தனை சுலபமாக ஒரு முகம் வந்ததே இல்லை என்று அவளுக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. கேன்வாஸைப் பார்த்துக்கொண்டிருந்த சுகத்தில் நாற்காலியை அதிகம் பார்க்கவில்லை.

"தாடைக்குக் கீழ ஒரு மச்சம். கடுகத்தனை. அவ்வளவுதான், முடிஞ்சுது."

தூரிகை நுனியால் தொட்டு வைத்தாள். கழுத்து நிழல் சரியா என்று பார்க்க, நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

மகளின் தாடைக்குக் கீழே ஒரு மச்சம் இருந்தது.

சாயம் தெறித்திருக்கும். துணியை டர்பன்டைனில் நனைத்துக்கொண்டு போய்த் துடைத்தாள். தோல் சிவந்தது. மச்சம் போகவில்லை. அப்போதுதான் மற்றதைப் பார்த்தாள். தள்ளித் தள்ளி இருந்த கண்கள். மெல்லிய புருவம். நெற்றியில் இறங்கிய முடி.

"சுண்டெலி?"

பிள்ளை நாற்காலியை விட்டு இறங்கினாள். "அம்மா" என்றாள். ஓவியக்காரி கையை விரித்தாள். பிள்ளை அவளைத் தாண்டிப் போய் அந்தப் பெண்ணின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இந்த ஆன்டி ஏன் என்னை அப்படிப் பாக்கறாங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு. நாம போலாம்."

"அவ என் பொண்ணு!" தன் குரலே ஓவியக்காரிக்கு அந்நியமாகக் கேட்டது. "விடுங்க அவளை!"

"உங்க பொண்ணு இந்த மாதிரியா இருப்பா?" அந்தப் பெண் உண்மையிலேயே விசாரிப்பதுபோல் கேட்டாள். "நல்லா பாத்துச் சொல்லுங்க."

ஓவியக்காரி சுரண்டும் கத்தியை எடுத்தாள். கேன்வாஸின் கன்னத்தில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். பின்னால் பிள்ளை வீறிட்டாள். திரும்பினால், சின்னக் கன்னத்தில் ஒரு நீளக் கோடு. ரத்தம் துளிர்த்திருந்தது.

கத்தி கீழே விழுந்தது.

சுரண்டக் கூடாது. யோசி. முகம் சரியாக வராவிட்டால் என்ன செய்வாய்? தோல் நிறத்தைக் குழைப்பாய். பழைய முகத்தின் மேல் ஒரே பூச்சாக மூடுவாய். மறுபடி முதலிலிருந்து வரைவாய். பன்னிரண்டு வருடப் பழக்கம். கை தானாகவே அகலத் தூரிகையை எடுத்தது. வெள்ளை, காவி, துளி சிவப்பு.

"வேண்டாம்!" அந்தப் பெண் முதல் தடவையாகக் கத்தினாள். "ஐயோ, மூடாதீங்க!"

மூடினாள். கண்ணை. புருவத்தை. மூக்கை. வாயை. நான்கே வீச்சு.

பிள்ளையின் அழுகை பாதியில் நின்றது.

வாசல் கதவு திறந்து கிடந்தது. அந்தப் பெண் படியில் இறங்கி ஓடும் சத்தம் கேட்டது. பிள்ளையை விட்டுவிட்டுத்தான் ஓடினாள்.

ஓவியக்காரி மெல்லத் திரும்பினாள்.

பச்சைக் கவுன் நின்றுகொண்டிருந்தது. தலைமுடிக்கும் கழுத்துக்கும் நடுவே வழவழவென்ற தோல். வேறொன்றும் இல்லை. நெஞ்சு மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது, மூச்சுக்கு வழி இல்லாமல்.

மூக்கு. முதலில் மூக்கு. கேன்வாஸ் பக்கம் பாய்ந்தாள். சிறிய தூரிகை. சாயம். கை தயார். அடுத்த வீட்டுப் பையனின் மூக்கு நினைவுக்கு வந்தது. போன மாதம் வரைந்த இரட்டையரின் மூக்கு வந்தது. பன்னிரண்டு வருடத்து மூக்குகளெல்லாம் வரிசையாக வந்தன. சுண்டெலியின் மூக்கு வரவில்லை. கூர்மையா? சப்பையா? தினமும் முத்தம் கொடுத்த மூக்கு. கடவுளே, எப்படி இருக்கும்?

தூரிகை கேன்வாஸுக்கு ஒரு விரற்கடை முன்னால் அப்படியே நின்றது. பின்னாலிருந்து இரண்டு சின்னக் கைகள் காற்றைத் துழாவிக்கொண்டு வந்து, அவள் புடவையைக் கெட்டியாகப் பிடித்து, உலுக்கின. உலுக்கிக்கொண்டே இருந்தன.