ஹீட்டர் கதவு

காரின் ஏசி ஓட்டைக்குள் செருகியிருந்த தெர்மாமீட்டரை வெளியே எடுத்துப் பார்த்தவன், அதைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி செருகினான். மறுபடியும் அதே. ஜில்லென்று வரவேண்டிய காற்று சூடாக வருவது அவனுக்குப் புதிதல்ல; பாதிப் பேர் அந்தக் குறையோடுதான் அவன் ஷெட்டைத் தேடி வருகிறார்கள், அதில்தான் சொந்தப் பெயர் தொலைந்து 'ஐஸ்' என்று ஆகிப்போனான். ஆனால் இன்ஜின் சூடு என்றால் சுட வேண்டும், வெயில் சூடு என்றால் வறண்டிருக்க வேண்டும். இது இரண்டுமில்லை. வெதுவெதுப்பு, ஈரம், லேசாகப் புளித்த பாலின் வாசனை. யாருடைய வாயிலோ தெர்மாமீட்டர் வைத்த மாதிரி.

"காய்ச்சல் ஒண்ணும் இல்ல, பயப்படாத," என்று காரிடம் சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். சிரிப்பு ஆளில்லாத ஷெட்டின் தகரக் கூரை வரை போய்த் திரும்பி வந்தது. திரும்பி வந்தபோது அவ்வளவு நன்றாக இல்லை.

கார் தங்கச்சி வீட்டுக்காரருடையது. போன வாரம் பிரசவத்துக்கு விரைந்தபோது நெரிசலில் மாட்டிக்கொண்டு, சாய்த்துப் போட்ட முன் சீட்டிலேயே குழந்தை பிறந்துவிட்டது. சாயங்காலம் வண்டியை விட வந்தவர் அதை நூறாவது தடவையாகச் சொன்னார்.

"பாப்பாவுக்கு மூச்சே இல்ல மச்சான். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஏசி காத்து மூஞ்சில பட்டுச்சு பாருங்க, வீல்னு ஒரு சத்தம்! அன்னிலேர்ந்துதான் இது சூடா அடிக்குது."

"உங்க சொந்தக்காரங்க வாயிலயும் இதே காத்துதான் மாப்ள."

"கிண்டல் அப்புறம். காலையில ஆஸ்பத்திரியிலேர்ந்து உங்க மருமக இதுலதான் வீட்டுக்கு வரா. ஜில்லுனு இருக்கணும்."

"தாய்மாமன் நான் எதுக்கு இருக்கேன்? போயிட்டு வாங்க."

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. கேஸ் அளவு சரியாக இருந்தது. கம்ப்ரஸர் 'டக்'கென்று பிடித்தது. குளிர்க் குழாயைத் தொட்டுப் பார்த்தான். மோர் டம்ளர் போல வியர்த்திருந்தது. ஆக, குளிர் உண்டாகிறது, உள்ளே வந்து சேரவில்லை. டேஷ்போர்டுக்குள் ஹீட்டரின் சூட்டை அடைத்து நிற்கும் சின்னக் கதவு ஒன்று உண்டு. அது மூடாமல் சிக்கிக்கொண்டால் இப்படித்தான் ஆகும். அவ்வளவுதானே என்று இன்ஜினை அணைத்தான். ஃபேனை அணைத்தான்.

காற்று நிற்கவில்லை.

சீட்டில் கிடந்த டிஷ்யூ தாளை ஓட்டைக்கு நேரே பிடித்தான். பறந்தது. தளர்ந்து தொங்கியது. பிறகு மெல்ல ஓட்டையின் பக்கம் சாய்ந்து, அதன் மேலேயே ஒட்டிக்கொண்டது.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வந்து பிடித்தான்.

பறந்தது. ஒட்டியது.

பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிற ஆள் அவன். தங்கச்சி அதை நடித்தே காட்டுவாள். ஓடியிருக்கலாம், ஷெட் கதவும் திறந்துதான் கிடந்தது. ஆனால் விடிந்தால் இந்தச் சீட்டில், இந்தக் காற்றுக்கு நேராக, துணியில் சுற்றிய அந்தச் சின்ன முகம் இருக்கும்.

"டேய்," என்றான் டேஷ்போர்டிடம். குரல் கீச்சென்று வந்தது. பரவாயில்லை, கீச்சென்றே சொல்வோம். "என் மருமக உக்கார்ற வண்டி இது. நீ எறங்கு."

டேஷ்போர்டின் சாமான் பெட்டியைக் கழற்றி, முழங்கை வரை கையை விட்டுத் தடவினான். பிளாஸ்டிக். வயர். மறுபடி பிளாஸ்டிக். பிறகு கதவின் ஓரம். கெட்டியாக இருக்கவேண்டிய அது மெத்தென்றிருந்தது. ஈரமாக இருந்தது. விரல் பட்டதும் சுருங்கியது.

கையை எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடி விடும் தைரியம் வராது என்று தன்னைப்பற்றி அவனுக்குத் தெரியும். சிக்கிய கதவைக் கட்டுக்கம்பியால் இழுத்து மூடி முறுக்கிவிடுவது அவனுடைய பழைய ஒப்பேற்றல். கம்பியைச் சுற்றினான். பிளையரால் ஒரு முறுக்கு. உள்ளே ஏதோ உதறியது. இன்னொரு முறுக்கு.

டிஷ்யூவை மறுபடி பிடித்தான். அசையாமல் தொங்கியது.

"யாருகிட்ட!" என்றான், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

போன் அடித்தது. தங்கச்சி.

"அண்ணா! பாப்பா மூச்சு விடலண்ணா! தூங்கிட்டுதான் இருந்தா... கழுத்த யாரோ நெரிக்கிற மாதிரி துடிச்சா... நீலமாகுதுண்ணா! நர்ஸ்! நர்ஸ்!"

அவன் பிளையரைப் பார்த்தான்.

கம்பியை வெட்டியபோது தன் விரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டான். வெந்நீர் போல ஒரு பெருமூச்சு அவன் முகத்தில் வந்து அடித்தது. அதே நொடியில் போனுக்குள் குழந்தை வீறிட்டது.

"அழுதுட்டாண்ணா! அழுதுட்டா!"

"போன வைக்காத. அவ பக்கத்துலயே வை."

ஸ்பீக்கரில் போட்டுச் சீட்டில் வைத்தான். சீட்டில் ஒரு மூச்சு. டேஷ்போர்டில் ஒரு மூச்சு. இரண்டும் ஒன்றாகவே ஏறின, ஒன்றாகவே இறங்கின. இரண்டிலும் ஒரே விசில். கம்பி கடித்த இடம். போனில் யாரோ ஆக்சிஜன் என்றார்கள். எங்கோ கால்கள் ஓடின. விசில் மெலிந்தது. இங்கேயும். அங்கேயும்.

"அண்ணா, நீ ஏண்ணா அழுவுற?"

நின்றது.

இரண்டும்.

"முடியாது," என்றான். எழுந்து நின்று சொல்ல இடமில்லாததால் டேஷ்போர்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னான். "விட மாட்டேன். முடியாதுடா."

வாயை ஓட்டையில் வைத்தான். ஊதினான்.

ஒன்றுமில்லை.

ஊதினான். நெஞ்சு காலியாகும் வரை.

போனில் ஒரு விக்கல். ஒரு செருமல். அழுகை. தங்கச்சி அழுதுகொண்டே சிரிப்பது கேட்டது. "வந்துடுச்சுண்ணா! நல்லா இழுத்து மூச்சு விடறா! அண்ணா? லைன்ல இருக்கியா?"

பதில் சொல்ல அவனுக்கு வாய் இல்லை. பிளாஸ்டிக் பட்டைகளுக்கு நடுவிலிருந்து மெத்தென்று வந்த இரண்டு உதடுகள் அதைக் கவ்விக்கொண்டிருந்தன. பால் குடிப்பது போல. பிளையர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அவன் டேஷ்போர்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். உதடுகள் அவசரமில்லாமல் இழுத்தன. விட்டன. மறுபடி இழுத்தன.