இரண்டே இடத்துக்குத் தெரிந்த விலாசம்

மாலை நாலு மணி. குடிவந்து ஒரு வாரமே ஆன வீட்டின் சமையலறையில், மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த பெண் கத்திக்குத்துப்பட்டு இறந்து கிடந்தாள். முதலில் பார்த்தவள் அவளுடைய அக்கா.

கொன்றுவிடுவேன் என்று மிரட்டிய கணவனுக்குப் பயந்துதான் தங்கை வீடு மாறியிருந்தாள். புது விலாசம் அக்காவுக்கும், பாதுகாப்புக் கேட்டு மனு கொடுத்த காவல் நிலையத்துக்கும் மட்டுமே தெரியும். "அவ எங்க இருக்கான்னே எனக்குத் தெரியாது சார்" என்று கணவன் சாதித்தான். உடனே எல்லோர் கண்ணும் அக்கா பக்கம் திரும்பியது. யாரிடமோ உளறிவிட்டாளாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இரண்டே நாளில் அக்காவே அதை நம்பத் தொடங்கிவிட்டாள்.

வேறு நிலையத்திலிருந்து விசாரிக்க வந்த பெண் இன்ஸ்பெக்டர் எதிர்வீட்டுத் தையல்காரரிடம் தொடங்கினார்.

"அன்னைக்கு யாரு வந்தாங்க?"

"மதியம் ஒரு போலீஸ்காரர். வாசல்லயே ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிட்டாரு. அப்புறம் நான் சாப்பிடப் போயிட்டேன்."

மனு வாங்கிய நிலையத்தின் எஸ்.ஐ. எதையும் மறைக்கவில்லை. "அன்னைக்கு மதியம் புருஷன் வந்து அழுதான் மேடம். 'விலாசம் வேணாம், உயிரோட இருக்காளான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க'ன்னான். பாவமா இருந்துச்சு. உடனே கான்ஸ்டபிள வண்டியில அனுப்பினேன்."

"பதில் கேக்க வந்தானா?"

"இல்ல மேடம். போன்கூடப் பண்ணல..." எஸ்.ஐ.யின் முகம் வெளிறியது.

"அவ்வளவு அழுதவன் பதிலுக்கு ஏன் காத்திருக்கல? நம்ம வண்டி பின்னாலேயே போயி அவனே பாத்துக்கிட்டான். கொன்னது புருஷன். வழி காட்டினது நாம."

வழியிலிருந்த பெட்ரோல் பங்க் கேமராவில் போலீஸ் வண்டியும் கணவனின் வண்டியும் முன்னும் பின்னுமாகப் போயின. அன்றே கணவன் கைதானான்.

மறுநாள் இன்ஸ்பெக்டரை உடன் வைத்துக்கொண்டு காவல்துறை வக்கீல் அக்காவிடம் பக்குவமாகத்தான் பேசினார். "ஊரைக் காக்கறதுதாம்மா போலீஸ் கடமை. தனியா ஒருத்தர காப்பாத்தலைன்னு சட்டப்படி அவங்க மேல கேஸ் நிக்காது."

"ஊர்ல என் தங்கச்சி சேத்தி இல்லையா சார்?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்ஸ்பெக்டருக்கு வெட்கமாக இருந்தது.

"சட்டம் என்ன சொல்லும்னு தெரியாதும்மா," என்றார். "ஆனா உங்க வாயால அவ சாகல. எங்க வண்டியாலதான் அவன் அங்க வந்தான். இத எந்தக் கோர்ட்லயும் வந்து சொல்லுவேன்."

அக்கா அப்போதுதான் முதல்முறையாக அழுதாள்.