பேபி ஆஃப்

மாட்டுங்காவில் விசாலாக்ஷி நர்ஸிங் ஹோம் எங்கே என்று கேட்டால் வழி காட்ட இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். பெயர்ப்பலகையைக் கழற்றி ஒரு வருஷம் ஆகிவிட்டது. மரக் கிராதி வைத்த பழைய மாடிக் கட்டடம். மழை பிடித்துவிட்டால் சுவரெல்லாம் பாசி ஏறும். பிரசவம் நின்றுபோன பிறகும், அங்கே பிறந்தவர்கள் பிறந்த தேதிக்குச் சான்று கேட்டு வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்காக வெங்கடராமன் தினமும் இஸ்திரி போட்ட சட்டையில், முழங்கால் வலியோடு, கீழறையில் வந்து உட்காருவார்.

டாக்டர் விசாலாக்ஷி அவருடைய தாயார். தாராவிக் குடிசையிலிருந்து வந்தவளையும் பங்களாவிலிருந்து வந்தவளையும் ஒரே வார்டில் படுக்கவைத்துப் பிரசவம் பார்த்தவர். 'என் வாசலைத் தாண்டிப் போன குழந்தை ஒண்ணுகூட மாறிப் போனதில்லை' என்பார். சொத்து என்று அம்மா விட்டுப்போனது அந்தச் சொல்லைத்தான் என்று வெங்கடராமன் நினைத்தார். கட்டடம் வெறும் செங்கல்.

அந்தக் கட்டடமும் பதிவுகளும் ஓர் அறக்கட்டளையின் ஆஸ்பத்திரிக்குக் கைமாறவிருந்தன. பதிவுகள் கம்ப்யூட்டரில் பிழையில்லாமல் இருந்தால், புதுப் பிரசவ வார்டுக்கு விசாலாக்ஷி பெயரையே வைப்பார்கள். பார்த்து ஒப்புக்கொள்ள மர்யம் என்ற அதிகாரி அன்று மாலை வருவதாக இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி, பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் செம்பூர்க் கம்பெனி அனுப்பிய விஜயலட்சுமி, குடையையும் மீறி மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்தாள். தாராவிப் பெண். பல வாரங்களாக அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டாள்.

"இந்தப் பொட்டியவே கட்டிக்கிட்டு அழு. ஒன்னக் கட்டிக்கிட எவன் வருவான்?" என்று டீயைக் கொண்டுவந்து வைத்தாள் சொர்ணம்மாள். இளவயதில் அங்கே ஆயாவாகச் சேர்ந்தவள். இப்போது பின்கட்டில் தங்கிக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறாள்.

"பொட்டி சண்டை போடாது ஆச்சி. மாமியார் கிடையாது. வேற என்ன வேணும்?"

"வாயி மட்டும் குறைச்சலில்ல."

அவள் போன கொஞ்ச நேரத்தில் விஜயலட்சுமி திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

"ஸார், சஃப்ரீன்னு ஒரு பேஷன்ட். அவங்களுக்கு ஒரு குழந்தைதானே?"

வெங்கடராமன் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டினார். "ஒண்ணுதான். ஆண் குழந்தை. ஏன்?"

"இங்க ரெண்டு காட்டுது."

"அதெப்படிம்மா காட்டும்? எங்க ரிஜிஸ்டர்ல தப்பு வராது."

"ரிஜிஸ்டரை யாரு சொன்னா? என் ப்ரோக்ராம்லதான் ஏதோ லஃப்டா."

பெயர் வைக்காத குழந்தையைத் தாயின் பெயரால் எழுதுவதுதான் ஆஸ்பத்திரி வழக்கம். அதன்படி முதல் வரியில் 'பேபி ஆஃப் சஃப்ரீன்' என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி. 'பேபி ஆஃப்'. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. எடை இரண்டு கிலோவுக்கும் கீழே.

அவள் வேறொரு தாயின் பக்கத்தைத் திறந்தாள். அங்கேயும் அவளுடைய பிள்ளைக்குக் கீழே அதே வரி.

மூன்றாவது பக்கத்திலும் இருந்தது.

"என்னம்மா இது, எல்லாரும் ரெட்டைப் பிள்ளையா பெத்தா?"

"சொல்றேன் ஸார்." அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "தாயெல்லாம் ஒரு டேபிள். பிள்ளையெல்லாம் இன்னொரு டேபிள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்துல அதோட தாய் நம்பர் இருக்கும். முன்னெல்லாம், இந்தத் தாய் நம்பர் போட்ட பிள்ளையைக் கொண்டான்னு நாமளே டேட்டாபேஸுக்குக் கேள்வி எழுதணும். இப்ப அதுக்கு டூல் இருக்கு. அதுல தாயே ஒரு ஆளு மாதிரி ப்ரோக்ராமுக்குள்ள வந்து நிப்பா. 'உன் பிள்ளை எங்க'ன்னு அவகிட்ட கேட்டாப் போதும். கேள்வியை டூலே எழுதிக்கும், போய்க் கூட்டிட்டும் வந்துரும். ஆனா கேட்டாத்தான் போகும். கேக்கலைன்னா சும்மா இருக்கும்."

"மணியடிச்சாத்தான் எழுந்து வருவான், எங்காத்துல ஒரு வேலைக்காரன் இருந்தான், அவனை மாதிரி."

"அதேதான். அது எழுதின கேள்வியையும் பாக்கலாம். இதோ பாருங்க, கேள்வி சரி. வந்ததுதான் கூட."

அவள் டூலை ஒதுக்கிவிட்டு, கையாலேயே கேள்வியை எழுதி டேட்டாபேஸிடம் நேராகக் கேட்டாள். சஃப்ரீனுக்கு ஒரே பிள்ளைதான் வந்தது. திரும்பவும் தாயின் வழியாகக் கேட்டாள். இரண்டு.

டேபிளைக் கேட்டால் வரவில்லை. தாயைக் கேட்டால் வந்தது.

வெளியே மழை வலுத்தது. அறையில் ஒரு வாடை. ஈரச் சுவர் என்று முதலில் தோன்றியது. டெட்டாலும், அதனடியில் புளித்த தாய்ப்பாலும் கலந்த வாடை. வார்டு மூடி ஒரு வருஷமாக இல்லாத வாடை.

"அதுக்கு அம்மா நம்பரே போடலை ஸார், காலி. நான் ஒரு பேஷன்டைக் கேட்டா அந்த நம்பர் அதுல வந்து உக்காந்துக்குது. அடுத்தவங்களைக் கேட்டா அவங்க நம்பருக்கு மாறிடுது. யார்கிட்ட 'உன் பிள்ளை எங்க'ன்னு கேட்டாலும்..." அவள் சிரிக்கப் பார்த்தாள். "ஓடி வருது."

"அழிச்சுடேன்."

"ரெண்டு வாட்டி அழிச்சேன். கேட்டதும் திரும்ப நிக்குது."

வெங்கடராமன் திரைக்கருகே குனிந்தார். "எடை என்ன போட்டிருக்கு?"

இரண்டு கிலோவைத் தாண்டியிருந்தது.

"நான் தொடவேயில்ல" என்றாள் விஜயலட்சுமி மெதுவாக.

மேலே, பூட்டிக் கிடந்த வார்டில், இரும்புத் தொட்டில் ஒன்று கிறீச்சிட்டது.

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"காத்து" என்றார் வெங்கடராமன். கிராதி எல்லாம் சாத்தியிருந்தது.

அவள் இன்னொரு தாயைக் கேட்டாள். கைதான் கேட்டது என்று சொல்ல வேண்டும். வேலை செய்து பழகிய கை, பயத்திலும் நிற்கவில்லை. வரி வந்தது. எடை இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது. தொட்டில் சத்தம் நின்று, அதற்குப் பதிலாக ஒரு சப்புக்கொட்டும் ஒலி கேட்டது. சின்ன வாய். அவசரமான வாய்.

கதவருகே டம்ளர் எடுக்க வந்த சொர்ணம்மாள் அப்படியே நின்றிருந்தாள்.

"அது பாலு குடிக்கு ஐயா" என்றாள்.

வெங்கடராமன் அவளை இழுக்காத குறையாக வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"அந்தப் பொண்ணு முன்னாடி என்ன உளறல்?"

"உளறல. யாரக் கேட்டாலும் ஒரு பிள்ள ஓடி வருதுன்னு அவ சொன்னத இங்கன நின்னு கேட்டேன். அது எந்தப் பிள்ளைன்னு எனக்குத் தெரியும். நாந்தான் அதக் குளிப்பாட்டுனேன்." அவள் குரல் தாழ்ந்தது. "டாக்டரம்மா 'பேபி ஆஃப்'ன்னு எழுதிக்கிட்டே வாய்விட்டுச் சொன்னாவ. பொறவு பேனாவ மூடிட்டாவ. தாய் பேருன்னு கேட்டேன். 'இதுக்கு அம்மா கிடையாது'ன்னாவ. ரெண்டு நாளுதான் உசிரு. அந்த ரெண்டு நாளும் வாயத் தொறந்து தேடுச்சி ஐயா. வார்டுல எந்தப் பொம்பள பக்கத்துல போட்டாலும் ஒட்டிக்கிட்டு. பெத்தவ மாடியில கதவச் சாத்திக்கிட்டு அழுதா. அவகிட்ட மட்டும் கொண்டுபோக விடல."

கேட்டால் சொல்லிவிடுவாள் என்று தோன்றியதால் வெங்கடராமன் யார் என்று கேட்கவில்லை.

அவருக்கு ஒரே தங்கை. செம்பூரில் பேரன் பேத்திகளோடு இருக்கிறாள். நாலு பேர் மதிக்கிற குடும்பம். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் மஞ்சள் காமாலை என்று சொல்லி அவளை இந்த மாடியில்தான் வைத்திருந்தார்கள். அண்ணனை மேலே விடவில்லை. அவரும் ஏன் என்று கேட்டதில்லை. அந்த வீட்டில் சில கேள்விகளைக் கேட்காமல் இருப்பதற்குப் பெயர்தான் வளர்ப்பு.

"யாரு பேரு வரணுமோ அதப் போடச் சொல்லுங்க ஐயா. பேரு கெடச்சா அடங்கிரும். தாயில்லாம அலையுது."

"எங்காத்துப் பேர் அதுல வராது."

"ஐயா..."

"அம்மா எழுதலைன்னா காரணமிருக்கும். அவ மூடின பேனாவை நான் தொறக்க மாட்டேன். இதோட விட்டுடு சொர்ணம்."

சொர்ணம்மாள் அவரைப் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அப்படி அவரைப் பார்த்ததில்லை. "அப்ப அது வேற ஆளப் பாத்துக்கிடும்" என்றாள்.

உள்ளேயிருந்து விஜயலட்சுமியின் குரல் வந்தது. "ஸார்! சரியாயிடுச்சு ஸார்!"

வாடை போயிருந்தது. மேலே சத்தமில்லை. அவள் நாற்காலியில் சாய்ந்து, பரீட்சை முடிந்த பிள்ளைபோல் சிரித்தாள்.

"புதுசா ஒரு பேஷன்ட் போட்டு, அவளுக்கும் அது வருதான்னு பாத்தேன். வந்துச்சு. ஆனா பாருங்க, அதுக்கப்புறம் வேற யாரைக் கேட்டாலும் வரலை. சஃப்ரீனுக்கு ஒண்ணு. எல்லாருக்கும் கணக்கு சரி. இவகிட்டயே தங்கிடுச்சு."

"புதுசா யாரைப் போட்டே?"

"என்னையேதான். டெஸ்டுக்குப் பேரு யோசிக்க யாருக்கு டைம் இருக்கு? எங்க ஆபீஸ்ல எல்லாரும் சொந்தப் பேரைத்தான் தட்டுவோம்."

திரையில் அந்த வரி முடிந்திருந்தது. காலியாக இருந்த இடத்தை யாரும் தட்டி நிரப்பவில்லை.

பேபி ஆஃப் விஜயலட்சுமி.

எடை மூன்று கிலோ. நிறைமாதப் பிள்ளை.

வெங்கடராமன் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். ஒரு பெயர். செம்பூரில் இருக்கும் தங்கையின் பெயரை இப்போது சொன்னால் போதும். இந்தப் பெண் அதைத் தட்டிவிட்டுத் தன் பெயரை எடுத்துவிடுவாள். சொர்ணம்மாள் கதவருகே நின்று அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் டாக்ஸி வந்து நின்றது. மர்யம் வந்துவிட்டார்.

"டெஸ்ட் என்ட்ரி இப்படியே இருக்கக் கூடாதே" என்று விஜயலட்சுமி கேட்டாள். "எடுத்துடட்டுமா ஸார்?"

"எடுத்துடு" என்றார் வெங்கடராமன்.

"தாயை அழிச்சாப் பிள்ளையும் கூடவே போயிடும். டூல் அப்படித்தான்." ஒரு விசையை அழுத்தினாள். "போச்சு. ரெண்டு பேரும் போயாச்சு."

சொர்ணம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

மர்யம் நல்ல மாதிரி. தானும் இங்கேதான் பிறந்ததாகச் சொல்லி, முதலில் தன் தாயாரின் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். ஒரே பிள்ளை. "அதான் நான்!" என்று சிரித்தார். இன்னும் பல பக்கங்களைத் திறந்து பார்த்தார். எங்கும் ஒரு பிசகில்லை. "கமால் ஹை! இவ்வளவு சுத்தமான ரெக்கார்டு நான் பார்த்ததில்ல ஸாப். வார்டுக்கு டாக்டர் அம்மா பேருதான், நான் எழுதிக் கொடுத்துடறேன்."

வெங்கடராமன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து நன்றி சொன்னார். குரல் கம்பீரமாகத்தான் வந்தது.

எல்லோரும் எழுந்தபோது விஜயலட்சுமி பையை மாட்டிக்கொள்ளத் தடுமாறினாள். "ரொம்ப டயர்டா இருக்கு ஸார். தோளெல்லாம் விட்டுப்போகுது. வீட்டுக்குப் போயி அப்படியே படுத்துடணும்."

"டாக்ஸி வரவழைக்கட்டுமாம்மா?"

"வேணாம். நடந்தா நல்லாயிருக்கும்போல இருக்கு. மெதுவா ஆடிக்கிட்டே போயிடுவேன்." ஏன் அப்படிச் சொன்னோம் என்று ஒரு கணம் யோசித்தவள்போல் நின்றாள். பிறகு படியிறங்கிப் போய்விட்டாள்.

அவர் ஜன்னல் கிராதியைத் திறந்து பார்த்தார். தெரு விளக்குகள் எரிய இன்னும் நேரமிருந்தது. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஆட்கள் ஸ்டேஷன் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் ஓடவில்லை. நடைபாதையில் பள்ளம் பார்த்து, அடி அடியாக வைத்து, உடம்பை இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்தபடி போனாள். தலை முழுக்க நனைந்து, பின்னலிலிருந்து தண்ணீர் சொட்டியது.

பை முதுகில் தொங்கி நனைந்துகொண்டிருந்தது. கையில் குடை இருந்தது. விரித்துத்தான் இருந்தது.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

குடையை அவள் தலைக்கு மேல் பிடிக்கவில்லை. தாழ்த்தி, நெஞ்சோடு மடக்கி வைத்திருந்த இடது கைக்கு மேல் பிடித்திருந்தாள்.