நூற்றுக்கு நூறு ஈரல்

காலையில் பால் காய்ச்சி இறக்கியதும் மெய்யம்மை கணவன் சிதம்பரத்தின் ஈரலை எட்டிப் பார்ப்பாள். வியாழன் கோளின் நிலவான கானிமீட் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். வியாழனின் கதிர்வீச்சில் உடலுறுப்புகள் சீக்கிரம் தேய்ந்துவிடும். மாற்று உறுப்பை அவரவர் அடுக்களையிலேயே வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அரசின் ஏற்பாடு. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வளர்ப்புப் பெட்டி, அதற்குள் நுண்ணோக்கிக் கேமரா, முகப்பில் ஒரு திரையும் இன்னொரு கேமராவும்.

பெட்டி கெட்டிக்காரப் பெட்டி. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது இரு முனைகளிலிருந்தும் மெல்லிய இழைகள் குரோமோசோம்களை இழுக்கும். இழை எவ்வளவு வளைகிறது, குரோமோசோம் எவ்வளவு ஆடுகிறது என்று படத்தில் அளந்தே இழுவிசையைக் கணக்கிட்டுவிடும். இரு பக்கமும் சமமாக இழுத்தால் நல்ல செல். ஒரு பக்கம் அசந்தால் பங்கீடு கோணலாகி ஈரல் அழுகிப்போகும். சிதம்பரத்துக்கு அப்படி இரண்டு ஈரல் போய்விட்டன. இது மூன்றாவது. இதுவும் போனால் அவர் உடம்பு தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"இன்றைய இழுவிசைச் சமநிலை நூற்றுக்கு நூறு," என்றது பெட்டி. மெய்யம்மை நம்பாமல் அதை முறைத்தாள்.

"நூத்துக்கு நூறு வாங்குன பிள்ளையையும் சந்தேகப்படுறியே," என்றார் சிதம்பரம். கண்ணெல்லாம் மஞ்சள் பூத்திருந்தும் மனிதருக்குக் கேலி குறையவில்லை.

"போன ரெண்டும் இதே நூறுதாங்க வாங்குச்சு."

மெய்யம்மை படத்தை உற்றுப் பார்த்தாள். இழைகள் எண்ணெய் வைத்து வாரிய தலைமுடிபோல வழவழவென்று இருந்தன. செல்லின் இரு பாதியிலும் மருந்துக்குக்கூட வித்தியாசம் இல்லை. உயிருள்ள எதுவும் இவ்வளவு ஒழுங்காக இருக்காது என்று அவளுக்குப் பட்டது.

"பெட்டி, படத்துல ஏதாவது கைவேலை பண்றியா?"

"அழகூட்டி இயங்குகிறது. அது இல்லாத கேமராவை மக்கள் வாங்குவதில்லை."

"செல்லுக்கு எதுக்கு மேக்கப்பு? நிறுத்து."

நிறுத்தியதும் இழைகள் கோணிக்கொண்டன. ஒரு முனை முக்கி முக்கி இழுக்க, மறு முனை சோர்ந்து கிடந்தது. சமநிலை அறுபத்தொன்று. அடுப்பு மூட்டும்போதெல்லாம் அது இன்னும் இறங்குவதை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். பெட்டியைப் படுக்கையறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். மூன்று வாரத்தில் எண் தொண்ணூறுக்கு ஏறியது. ஈரல் தளதளவென்று வளர்ந்தது. மெய்யம்மை சந்தோஷத்தில் அழுதுவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அன்று சிதம்பரம் சொன்னார்: "ஈரலோட நில்லு. பெட்டி ஒரு படம் எடுக்கட்டும். சொந்தக்காரங்க குழுவுல போடணும்."

படம் திரையில் வந்தது. ஈரல் ஜம்மென்று இருந்தது. பக்கத்தில் நின்ற பெண்மணிதான் யாரென்று தெரியவில்லை. அந்த ஊரில் முகம் பார்க்கும் கண்ணாடியும் அழகூட்டி வைத்த கேமராதான். மெய்யம்மை தன் சொந்த முகத்தைப் பார்த்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

"ஈரல் அப்படியே இருக்கட்டும்," என்று பெட்டியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "எனக்கு மட்டும் மேக்கப்பு போடு."

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சிதம்பரம் கண் விழித்தபோது படத்துக்கு எழுபது பதில் வந்திருந்தன. முகத்துக்கு என்ன பூசுகிறாய் என்று எழுபது பேரும் கேட்டிருந்தார்கள். ஈரலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

கட்டிலோரம் உட்கார்ந்து, மனம் நிறைந்து, மெய்யம்மை ஒவ்வொருவருக்கும் பதில் போட்டுக்கொண்டிருந்தாள்: "ஒண்ணுமே பூசறதில்ல. அப்படியே எடுத்ததுதான்."